ஆமை மாமாவின் கையில் இருந்தது

திங்கட்கிழமை காலையில் தொலைக்காட்சி நிலையத்துக்கு குங் வந்து நின்றபோது காவலாளிக்கே தூக்கம் கலையவில்லை. பிற்பகலுக்கு முன்னால் வந்து பழக்கமில்லாத மனிதர். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. சனிக்கிழமை மாலை அவருடைய பேய்த் தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பாகியிருந்தது. நாடே நடுங்கிப்போயிருக்கும், நடுங்கியதை எழுதியும் அனுப்பியிருக்கும் என்று நேராக மூன்றாம் மாடிக்கு, பார்வையாளர் கருத்துப் பிரிவுக்கு ஏறினார்.

பிரிவு என்றால் ராட்ரி என்ற ஒரு பெண்ணும், ஒரு கணினியும், எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு தொலைபேசியும்தான். ராட்ரி ஒட்டரிசிச் சோற்றை உருண்டை பிடித்து, சுட்ட பன்றி இறைச்சிக் குச்சியோடு சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க குங் அண்ணே. சாப்பிட்டாச்சா?”

“ராட்ரி, இனிமே ஆசிரியர் காம்தோர்ன்னு கூப்பிடணும்னு எல்லாருக்கும் சொல்லியாச்சே.”

“மறந்துட்டேன். உக்காருங்க ஆசிரியர் குங் அண்ணே.”

காம்தோர்ன் என்பது பதிவேட்டில் உள்ள பெயர். குங் என்றால் இறால். பிறந்தபோது சிவப்பாகச் சுருண்டு கிடந்தார் என்று அம்மா வைத்த செல்லப்பெயர். இத்தனை வருஷம் அவருக்கு அதில் குறை தெரியவில்லை. ஆமை மாமா படம் வரைகிறவனுக்கு இறால் என்று பெயர் இருந்தால் என்ன? முப்பது வருஷமாக நாட்டுக் குழந்தைகள் எல்லாம் பார்த்து வளர்ந்த கேலிச்சித்திரத் தொடர் அது. தள்ளுவண்டியில் சோம்தம் என்ற காரப் பப்பாளிக் கலவை விற்கும் ஓர் ஆமை; பச்சைப் பப்பாளியைச் சீவிக்கொண்டே, கை கழுவு, பொய் சொல்லாதே என்று பாட்டுப் பாடும். அந்த ஆமையைப் பாதி ஆயுளாக வரைந்து வரைந்து அலுத்துப்போய், குங் ஒரு கிளைத்தொடர் கேட்டு வாங்கினார். ‘ஆமை மாமாவின் இருட்டுச் சந்து.’ அதே ஆமை, அதே வண்டி, ஆனால் விளக்கில்லாத சந்து. அதில் பேய். பேய்க்கு ஆசிரியர் இருக்கலாம், இறால் இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

“படி” என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

ராட்ரி விரலைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். “‘பனை உயரத்துக்கு வருதே பேய், அது ரொம்ப அழகு. பொம்மையா எப்ப வரும்? என் பொண்ணு கட்டிப்பிடிச்சுத் தூங்கணுமாம்.’”

குங் ஒரு கண்ணைத் திறந்தார்.

“‘அந்தப் பேய் பேசறது, எங்க ஸ்கூல் தலைமையாசிரியர் கொடியேத்திட்டுப் பேசற மாதிரியே இருக்கு. என் பையன் பாதியிலயே தூங்கிட்டான். ரொம்ப நன்றி. அவனைத் தூங்கவெக்க நாங்க பார்க்காத வழியில்ல.’”

“அடுத்தது.”

“அடுத்தது வெறும் அஞ்சு அண்ணே. ரெண்டு வரி முழுக்க அஞ்சு அஞ்சு அஞ்சுன்னு.”

தாய்லாந்து மொழியில் ஐந்து என்ற எண்ணை ‘ஹா’ என்பார்கள். சிரிப்பு வந்தால் ஊரே ஐந்தாகத்தான் எழுதும். சிலர் விரல் வலிக்கும்வரை எழுதியிருந்தார்கள்.

அந்தப் பேய்க்குத்தான் குங் எட்டு மாதம் செலவழித்திருந்தார். பெற்றவர்களை அடித்த பாவத்தால் பனை உயரம் வளர்ந்து, ஊசித்துளை வாயோடு அலைகிற பேயை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதுவரை யாரும் அதைச் சிந்திக்கவிட்டதில்லை என்பது அவர் கருத்து. எனவே அவருடைய பேய், “பயம் என்பது நம் நிழலுக்கு நாம் கொடுக்கும் வாடகை” என்று அந்த ஊசித்துளை வாயால் மெதுவாக, விசில் கலந்து சொல்லும். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும். அந்த மௌனத்தில்தான் தலைமையாசிரியரை நினைத்து அந்தப் பையன் தூங்கியிருக்கிறான்.

“வன்பென் அக்கா என்ன சொன்னாங்க?” என்றார் குங், குரல் இறங்கி.

வன்பென் நிலையத்தின் நிகழ்ச்சித் தலைவி. அவள் சொல்லியிருந்தது சுருக்கமானது. இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன். யாரும் பயப்படவில்லை என்றால் தொடர் நிற்கும். குங் தம்பி மறுபடி பகல் வெளிச்சத்துக்கு வரலாம். சுகாதாரத் துறைக்காக ‘ஆமை மாமா பல் தேய்க்கிறார்’ குறும்படங்கள் காத்திருக்கின்றன.

“ஆமைக்குப் பல்லே கிடையாது ராட்ரி!” என்றார் குங் பரிதாபமாக.

“எனக்கெதுக்குண்ணே சொல்றீங்க? இருங்க, இன்னொரு மாதிரியும் கொஞ்சம் வந்திருக்கு.” அவள் திரையை நகர்த்தினாள். “‘கோன்கேன்ல இருந்து எழுதறேன். கடைசிக் காட்சியில சந்துக்குள்ள ஒண்ணு வந்துச்சே, அதைப் பத்தி. என்னன்னு எழுத மாட்டேன், பொழுது சாஞ்சுபோச்சு. எங்க வீட்டுல ராத்திரி பூரா லைட்ட அணைக்கல.’ அப்புறம் இது: ‘அது துடிச்சுதே, பார்த்தீங்களா? யாரு இப்படியெல்லாம் யோசிக்கிறாங்க? அவங்களுக்குத் தூக்கம் வருமா?’ இது ஒரு ராணுவ முகாம்ல இருந்து: ‘அந்தக் காட்சி வந்தப்ப எங்க ஆளுங்க எல்லாருமே குனிஞ்சு பூட்ஸுக்கு பாலிஷ் போட ஆரம்பிச்சுட்டாங்க.’”

குங் எழுந்து நின்றுவிட்டார். “இன்னொரு தடவை படி.”

“எது அண்ணே துடிச்சுது? எதைச் சொல்றாங்க?”

“அதைச் சொல்ல வார்த்தை இல்லைன்னுதானே அவங்களே சொல்லாம விட்டிருக்காங்க? பேயைப் பேர் சொல்லிக் கூப்பிடற ஊரா இது? அவங்க சொல்றது என் பேயை! கடைசிக் காட்சியில அது மூச்சு விடும், மார்பு மெல்லத் துடிக்கும். அந்தத் துடிப்புக்காக மூணு வாரம் நான் வீட்டுக்கே போகல.”

“அப்ப பொம்மை கேட்டவங்க?”

“ரசனை இல்லாதவங்க.”

இங்கே குங்குக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிகரெட், மதுக்கோப்பை, நீட்டிய கத்தி இவை திரையில் வந்தால் அவற்றின் மேல் சின்னச் சின்னக் கட்டங்களைப் போட்டு மங்கலாக்கிவிடுவது நிலையத்தின் ஒழுங்குப் பிரிவு செய்யும் வேலை. பார்க்கிறவர்களின் கண்ணுக்கும் அது பழகிவிட்டது. கௌபாய் வாயில் கட்டம் தெரிந்தால் மனது அங்கே ஒரு சிகரெட்டை வைத்துக்கொண்டு மேலே போய்விடும். பகல் வெளிச்ச ஆமை மாமா கையில் பப்பாளியைப் பிடித்துக் கத்தியால் கொத்திக் கொத்திச் சீவியதை முப்பது வருஷமாக ஒருவரும் மறைக்கவில்லை. பேய்த் தொடர் என்றதும் ஒழுங்குப் பிரிவுக்குச் சந்தேகம் வந்தது. பேய்த் தொடரில் வரும் கத்தி சும்மா கத்தியாக இருக்குமா? கத்தியை மறைத்தார்கள். கத்தி வேகமாக ஆடியதால் கையையும் சேர்த்து மறைத்தார்கள். வெட்டுப்படும் பொருள் பச்சையாக, வழுவழுப்பாக, ஒரு குழந்தையின் தலை அளவில் இருந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் மறைத்தார்கள்.

ஆக, வீடுகளில் தெரிந்தது இதுதான். இருட்டுச் சந்து. தலையைக் குனிந்து நிற்கும் ஆமை மாமா. அவருடைய இரண்டு கைக்கும் நடுவே நெளிந்து, வீங்கி, சுருங்கித் துடிக்கிற, சாம்பல் பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று. டக், டக், டக், டக் என்று சத்தம். மாமா அதே பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கை கழுவு, கை கழுவு.

இதை குங் பார்க்கவில்லை. தன் படைப்பைத் தன் ஸ்டூடியோவில், பெரிய திரையில், மறைப்பேதும் இல்லாத மூலப் பிரதியில் மட்டுமே பார்ப்பார். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்பவன் கலைஞனே அல்ல என்பார். ராட்ரியும் பார்க்கவில்லை. கருத்துகளைப் படித்தே போதுமான அளவு பயந்துவிடுவதால் பேய்ப்படம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாம் வாரம் தொலைபேசி ஓயவில்லை. மூன்றாம் வாரம் செய்தித்தாளில் குங்கின் படம் வந்தது, கறுப்புக் கண்ணாடியோடு. கீழே ‘ஆசிரியர் காம்தோர்ன்’ என்றே போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் ஒன்று பேச அழைத்தது. போய், மேடையில் ஒரே ஒரு விளக்கை மட்டும் வைக்கச் சொல்லி, அதற்கும் கொஞ்சம் தள்ளி இருட்டில் உட்கார்ந்து பேசினார்.

“அந்த உருவத்தை நான் வரையலை. அது வர்றதுக்கு நான் இடம் விட்டேன், அவ்வளவுதான். கொஞ்சம் கூர்ந்து பார்த்தீங்கன்னா, அதுல இருக்கறது நான்தான்.”

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, “அப்ப ஆமை மாமா உங்களையா வெட்டறார்?” என்று கேட்டாள். கேள்வியின் ஆழத்தை வியந்து குங் நெடுநேரம் தலையாட்டினார். என்ன கேட்டாள் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

மாதக் கடைசியில் வன்பென் ஒரு நேரடி நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தாள். பார்வையாளர்களை அரங்கில் உட்காரவைத்து, ஆசிரியரோடு பேசவைப்பது. தொடரை இன்னொரு வருஷத்துக்கு நீட்டுகிற பத்திரம் அவள் கைப்பையில் தயாராக இருந்தது. நிகழ்ச்சிக்கு முன்னால் நிலையத்து வாசலில் இருக்கும் காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்குச் சிவப்பு ஷர்பத் பாட்டில் வைத்து, உறிஞ்சுகுழலும் செருகிக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அரங்கில் முதல் ஆளாக ஒலிவாங்கியைப் பிடித்தவள் புவாதோங் என்ற தாய். நொந்தபுரியிலிருந்து மகளோடு வந்திருந்தாள்.

“ஆசிரியரே, இவ சாப்பாட்டுக் கத்தியப் பார்த்தாலே அழறா. நீங்க நல்லா இருக்கணும், ஆனா இப்படியுமா ஒரு மனுசன் யோசிப்பான்?”

குங் நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கினார். தன் பேய் கத்தி எதுவும் வைத்திருக்கவில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. கலை மனதில் போய் எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்று உடனே தேற்றிக்கொண்டார்.

“அந்தக் காட்சியை இப்ப எல்லாரும் சேர்ந்து பார்க்கலாமா?” என்றாள் நிகழ்ச்சி நடத்துபவள். விளக்கை அணைத்தார்கள். அரங்கத்தின் பெரிய திரையில், ஒளிபரப்பான பிரதி ஓடியது.

அன்றுதான் குங் முதல்முறையாகத் தன் தொடரை ஊர் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

சந்து வந்தது. ஆமை வந்தது. ஆமையின் கையில் அந்தத் துடிப்பும் வந்தது. அரங்கம் ஒரே குரலில் வீறிட்டது. புவாதோங்கின் மகள் தாயின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எட்டு மாதப் பேய், ஆமைக்குப் பின்னால், துணி மாட்டும் கம்பு மாதிரி ஓரமாக நின்றுகொண்டு, பயம் என்பது நம் நிழலுக்கு நாம் கொடுக்கும் வாடகை என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு ஜோடிக் கண்கூட அதன் பக்கம் திரும்பவில்லை.

குங்கின் வாய் திறந்தது. கறுப்புக் கண்ணாடி மூக்கு நுனிக்குச் சரிந்தது. முகத்தில் இரத்தம் இல்லை. கேமரா ஒன்று ஓடிவந்து அந்த முகத்தைத் திரை முழுக்கக் காட்டியது.

“பாருங்க! படைச்சவருக்கே பயம்!” என்று யாரோ கத்தினார்கள்.

நிகழ்ச்சி நடத்துபவள் குரலைத் தாழ்த்தினாள். “ஆசிரியரே... ஆமை மாமா கையில இருக்கறது என்ன?”

ஒரு வார்த்தை போதும். பப்பாளி. குங்கின் நாக்கு நுனியில் அது உருண்டது. கேமராவுக்குப் பக்கத்தில் வன்பென் கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தாள். முன்வரிசையில் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் பேனாவோடு காத்திருந்தார்கள். குங் கண்ணாடியை மெதுவாக மேலே தள்ளினார்.

“அது என்னன்னு நான் சொல்லாம இருக்கறதுதான் உங்க எல்லாருக்கும் நல்லது.”

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை ராட்ரியின் கணினி திணறியது. கருத்துகள் வேறு திசையில் திரும்பியிருந்தன. “‘மறைச்சு வெச்சே இவ்வளவு பயம்னா, மறைக்காதது எப்படி இருக்கும்? குழந்தைங்க பார்க்கற தொடருக்குள்ள இதெல்லாம் எதுக்கு?’” என்று பெற்றோர் சங்கங்கள் கேட்டன. தலைநகரத்து மேலிடம் ஒன்றிலிருந்து, அது என்ன என்று விளக்கம் கேட்டு நிலையத்துக்குத் தாக்கீது வந்தது. ஒழுங்குப் பிரிவை அழைத்து வன்பென் விசாரித்தாள். மறைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் எதை மறைத்தோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் இப்போது நிச்சயமாக நினைவில்லை. மூலப் பிரதியைத் திறந்து பார்க்கவும் யாரும் முன்வரவில்லை. ஆசிரியரே சொல்லக்கூடாது என்கிறாரே!

வன்பென் குங்கைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“தம்பி, ஒளிக்காம சொல்லு. அதுக்குள்ள என்ன இருக்கு?”

“பப்பாளிக்கா.”

“என்னது?”

“பச்சைப் பப்பாளி. மாமா எப்பவும் போல சோம்தம்முக்குச் சீவறாரு.”

வன்பென் கைப்பையைத் திறந்தாள். பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்து, அதன்மேல் ஒரு கனமான காகித எடையையும் வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. நீயே டிவில வந்து பப்பாளின்னு சொல்லணும். இல்லேன்னா தொடரை நிறுத்திடுவாங்க. உன் பிரஷ்ஷும் பேஸ்டும் ரெடியா இருக்கு.”

“அக்கா, அந்தப் பப்பாளியை ஒரு குறியீடா எடுத்துக்கிட்டோம்னா...”

“குறியீடெல்லாம் வேண்டாம் குங். பப்பாளின்னு சொல்லு.”

குங் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சொன்னால் நாடு சிரிக்கும். திரை முழுக்க ஐந்து ஐந்தாக வரும். பல்கலைக்கழகத்தில் விளக்குக்குத் தள்ளி உட்கார்ந்த இருட்டுகூடச் சிரிக்கும். சொல்லாவிட்டால் சந்தே இல்லை. சிரிப்புக்கு ஆளானாலும் தொடர் மிஞ்சும், தொடர் மிஞ்சினால் அடுத்த பகுதியிலாவது பேயை முன்னால் கொண்டுவந்து நிறுத்தலாம். கடைசியில், வாழ்க்கையில் முதல்முறையாக, விளம்பரத்துக்கு வேண்டாத ஓர் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்தார். செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று சந்தைக்குப் போய் நல்ல பெரிய பச்சைப் பப்பாளியாகத் தேர்ந்தெடுத்தார். வீட்டு அடுக்களையிலிருந்து கத்தியும் எடுத்துக்கொண்டார்.

பேச்சைப் பிற்பகலில் பதிவு செய்தார்கள். கறுப்புக் கண்ணாடி இல்லை. வெள்ளைச் சட்டை.

“எல்லாருக்கும் வணக்கம். என் பேரு குங். நீங்கல்லாம் பார்த்துப் பயந்தது இதுதான்.” பப்பாளியை உயர்த்திக் காட்டினார். “வெறும் பப்பாளி. இதோ, இப்படித்தான் மாமா சீவறாரு. டக், டக், டக். பார்த்தீங்களா? இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. குழந்தைங்களா, கிட்ட வந்து பாருங்க.” கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளிகூட உருண்டது. எங்கும் ஓடி ஒளியாமல் பேசியது இவ்வளவு இலேசாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. படப்பிடிப்பு ஆட்களே கைகொடுத்தார்கள். குங் வீட்டுக்குப் போய், நிம்மதியாகப் படுத்துத் தூங்கிவிட்டார். வழக்கம்போல, ஒளிபரப்பைப் பார்க்கவில்லை.

மறுநாள் ராட்ரி தொலைபேசியின் வாயைத் துணி போட்டுச் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தாள்.

“சிரிக்கறாங்களா?” என்றார் குங், வாசலிலேயே நின்று.

“அண்ணே, நேத்து அந்த ஒளிபரப்ப நீங்க பார்க்கவே இல்லையா?”

“இல்ல. ஏன்?”

“கத்தி வெச்சிருந்தீங்களே.”

“பின்ன? பப்பாளி சீவக் கத்தி வேணாமா?”

ராட்ரி திரையை அவர் பக்கம் திருப்பினாள். வெள்ளைச் சட்டையில் குங் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைக்கும் நடுவே சாம்பல் பச்சையில் ஒன்று நெளிந்து, வீங்கித் துடித்தது. “வெறும் பப்பாளி” என்றது அவர் குரல். டக், டக், டக். “குழந்தைங்களா, கிட்ட வந்து பாருங்க.”

தாக்கீது வந்ததிலிருந்து ஒழுங்குப் பிரிவு கூடுதல் எச்சரிக்கையோடு இருந்தது. கத்தி வந்தால் கட்டம் போடு என்பது விதி. போட்டவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு போட்டதாகப் பின்னால் ஒப்புக்கொண்டார்.

“‘அவரை யாரோ மிரட்டி அப்படிச் சொல்லவெச்சிருக்காங்க’” என்று ராட்ரி படிக்கத் தொடங்கினாள். “‘முப்பது வருஷமா பேய்ப்படம் பார்க்கறேன், அந்தச் சிரிப்பு மாதிரி ஒண்ணைப் பார்த்ததில்ல.’ இது அந்த ராணுவ முகாம்: ‘பூட்ஸ் பாலிஷ் தீர்ந்துபோச்சு.’ மேலிடத்துல இருந்தும் பதில் வந்தாச்சு. ‘பப்பாளி என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறோம், இதற்குமேல் எங்களுக்கு எதுவும் காட்ட வேண்டாம்’னு எழுதியிருக்காங்க. வன்பென் அக்கா ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. வாழ்த்துகள் அண்ணே.”

குங் நாற்காலியில் உட்கார்ந்தார். நாடு நடுங்கியது. அவரைப் பார்த்துத்தான் நடுங்கியது. ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது.

“நீயாவது நம்பறியா ராட்ரி? அது பப்பாளிதான்.”

“நம்பாம என்ன அண்ணே. பப்பாளிதான்.” அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். “வாங்க, சாப்பிடப் போலாம்.”

நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் சோம்தம் விற்கும் அக்கா தன் வண்டிக்கு முன்னால் பூப்போட்ட போர்வை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவள் கையைப் பார்த்துவிட்டு அலறி ஓடுகிறார்களாம், வியாபாரம் படுத்துவிட்டதாம். அதனால் மறைத்துவிட்டாள். போர்வைக்கு அந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது. டக், டக், டக், டக்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது உலகத்தில் வேறு யாரையும்விட குங்குக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவர் அந்தப் போர்வையைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சத்தம் சட்டென்று நின்றது. போர்வை லேசாக அசைந்தது.

“மிளகாய் எத்தனை போடட்டும்?” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

குங் ராட்ரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னிக்கு நூடுல்ஸ் சாப்பிடலாமே” என்றார்.